பாராட்டு இருக்கு, பணம் எங்கே? அமெரிக்காவின் கறுப்பினக் கல்லூரிகளில் என்ன பிரச்னை?

பிப்ரவரி வந்தால் அமெரிக்காவில் பள்ளிச் சுவர் முதல் டிவி விளம்பரம் வரை கறுப்பின சாதனையாளர்களின் படங்கள்தான். 1926-ல் வரலாற்றாசிரியர் கார்ட்டர் வுட்சன் ஒரு வாரக் கொண்டாட்டமாகத் தொடங்கியது, 1976-ல் 'கறுப்பின வரலாற்று மாதம்' ஆனது. அந்தப் படங்களில் இருப்பவர்கள் எங்கே படித்தார்கள் என்று தேடினால், ஒரு சில கல்லூரிகளின் பெயர் திரும்பத் திரும்ப வரும். அவற்றில் பலவற்றுக்கு மாநில அரசுகள் தர வேண்டிய பணம்தான் இன்னும் முழுசாக வந்து சேரவில்லை.

அது என்ன கல்லூரிகள்?

கறுப்பின மாணவர்களுக்காகவே 1964-க்கு முன்பு தொடங்கப்பட்டவை. சுமார் 100 இருக்கின்றன. இன்று எந்த இனத்தவரும் சேரலாம். மார்ட்டின் லூதர் கிங் படித்தது அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரி. நோபல் பரிசு பெற்ற டோனி மோரிசன் படித்தது வாஷிங்டனின் ஹோவர்டு பல்கலைக்கழகம். திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தில் பூர்வீகம் கொண்ட கமலா ஹாரிஸும் ஹோவர்டு மாணவிதான். 1962-ல் ஜான் க்ளென் விண்வெளிக்குக் கிளம்பும் முன், கம்ப்யூட்டர் போட்ட கணக்கைத் தன் கையால் சரிபார்த்துக் கொடுத்த நாசாவின் கேத்தரின் ஜான்சன், மேற்கு வர்ஜீனியா ஸ்டேட் கல்லூரியில் படித்தவர்.

தர்குட் மார்ஷலின் கதை இன்னும் சுவாரஸ்யம். சொந்த மாநிலமான மேரிலாண்டின் சட்டக் கல்லூரி அப்போது கறுப்பினத்தவரைச் சேர்க்காது. அதனால் ஹோவர்டில் சட்டம் படித்து 1933-ல் வெளியே வந்தார். 1936-ல் அதே மேரிலாண்ட் கல்லூரிக்கு எதிரான வழக்கில் ஜெயித்து, ஒரு கறுப்பின மாணவருக்கு அங்கே இடம் வாங்கிக் கொடுத்தார். 1967-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார்.

சரி, பணம் எங்கே நின்றது?

இதற்கு 1890-க்குப் போக வேண்டும். மத்திய அரசு உதவி பெறும் கல்லூரிகளில் கறுப்பினத்தவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அவர்களுக்குத் தனிக் கல்லூரி வையுங்கள் என்று அந்த வருடம் ஒரு சட்டம் வந்தது. தென் மாநிலங்கள் தனிக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தன. கல்லூரி வந்தது; சமமான பணம் வரவில்லை.

இன்றைய விதிப்படி, ஆராய்ச்சிக்கும் விவசாயிகளுக்கான பணிகளுக்கும் மத்திய அரசு ஒரு டாலர் கொடுத்தால், மாநிலமும் ஒரு டாலர் போட வேண்டும். வெள்ளையர் பெரும்பான்மையாகப் படிக்கும் கல்லூரிகளுக்கு மாநிலங்கள் அதைச் சரியாகக் கொடுத்துவிடும். கறுப்பினக் கல்லூரிகள் பலவற்றுக்குப் பல வருடங்கள் அது முழுசாகக் கிடைக்கவில்லை. மத்திய அரசுப் பணமும் கைவிட்டுப் போகாமல் இருக்க, 'எங்களுக்கு விலக்கு கொடுங்கள்' என்று அந்தக் கல்லூரிகளே மனு போடும் நிலைமை.

1987 முதல் 2020 வரையிலான கணக்கைப் பார்த்த பைடன் அரசு, 2023 செப்டம்பரில் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதியது. மொத்தப் பாக்கி 1,200 கோடி டாலருக்கும் மேல். கேத்தரின் ஜான்சனின் மேற்கு வர்ஜீனியாவும் இந்தப் பட்டியலில் உண்டு. டென்னசி ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் சுமார் 210 கோடி டாலர். அங்கே 2022-ல் மாணவர் சேர்க்கை கூடியதும், விடுதி போதாமல் பலரை ஹோட்டலில் தங்கவைத்தார்கள். ஆனால் வந்தது கடிதம்தான், உத்தரவு இல்லை.

நன்கொடை போதாதா?

2019-ல் மோர்ஹவுஸ் பட்டமளிப்பு விழாவில் கோடீஸ்வரர் ராபர்ட் ஸ்மித், அந்த வருட மாணவர்கள் சுமார் 400 பேரின் கல்விக்கடனைத் தானே அடைப்பதாக மேடையிலேயே அறிவித்தார். 3.4 கோடி டாலர். அரங்கமே அதிர்ந்தது. அடுத்த வருட மாணவர்கள் வழக்கம்போல அவரவர் கடனோடுதான் வெளியே வந்தார்கள். மெக்கென்சி ஸ்காட் போன்றவர்களும் கோடிக்கணக்கில் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் நன்கொடை கொடுப்பவரின் விருப்பம், எந்தக் கல்லூரிக்கு, எப்போது என்பதை அவர்தான் முடிவு செய்வார்.

கோர்ட்டுக்குப் போன மேரிலாண்ட் மாணவர்கள்

மார்ஷலின் மாநிலத்தில் 2006-ல் முன்னாள் மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். கறுப்பினக் கல்லூரி நடத்தும் படிப்பையே பக்கத்துக் கல்லூரியிலும் தொடங்க மாநிலம் அனுமதிப்பதால் மாணவர்கள் அங்கே போய்விடுகிறார்கள் என்பது புகார். இதில் நியாயம் இருப்பதாக 2013-ல் நீதிபதி சொன்னார். அதற்குப் பிறகும் இழுத்து, 2021-ல் 57.7 கோடி டாலர் தர மாநிலம் சம்மதித்தது. 4 கல்லூரிகளுக்கு, 10 வருடங்களில், தவணை தவணையாக. உதவித்தொகை, புதிய படிப்புகள், ஆசிரியர் நியமனம் ஆகியவற்றுக்கு இந்தப் பணத்தைச் செலவிடலாம்.