வீட்டுக் கணினியும் ஒற்றன் பிரவேசமும்

கூடங்குளம் அணுமின் நிலையத்தைப் பற்றி 2019-ஆம் வருஷம் அக்டோபர் மாதக் கடைசியில் எழுந்த ஒரு செய்தி, மின்சாரத்தைக் குறித்ததாகவோ கதிரியக்கத்தைக் குறித்ததாகவோ இல்லாமல், ஒரு கணினியைக் குறித்ததாக இருந்தது. அந்த மாதம் 28-ஆம் தேதி, வைரஸ் மாதிரிகளைச் சேகரித்துப் பரிசோதிக்கும் ஓர் இணையதளத்தில் காணப்பட்ட உளவு மென்பொருள் ஒன்றினுள்ளே கூடங்குள நிலையத்தின் பெயர்ச் சுருக்கமும் நிர்வாகக் கணக்கு ஒன்றின் அடையாளமும் பொறிக்கப்பட்டிருப்பதை நிபுணர்கள் எடுத்துச் சொல்ல, மறுநாள் நிலையத்தின் சார்பில் அச்செய்தி பொய்யென்று ஓர் அறிக்கை வெளியாயிற்று. அதற்கும் அடுத்த நாள், 30-ஆம் தேதி, இந்திய அணுமின் கழகம், தீய மென்பொருள் புகுந்தது மெய்தான் என்றும், கணினிப் பாதுகாப்புக்காக மத்திய அரசாங்கம் வைத்திருக்கும் செர்ட்-இன் அமைப்பு அதைச் செப்டம்பர் 4-ஆம் தேதியே தெரிவித்துவிட்டது என்றும் ஒப்புக்கொண்டது. மறுப்புக்கும் ஒப்புதலுக்கும் இடையே ஓர் இரவுதான் கழிந்தது.

டிட்ராக் என்று பெயர் பெற்ற அந்த மென்பொருள், திரையில் பயங்கர எழுத்துகளைக் காட்டிப் பணம் கேட்கும் ஜாதியைச் சேர்ந்ததன்று. விசைப்பலகையில் அடிக்கப்படும் ஒவ்வோர் எழுத்தையும் குறித்துக்கொள்வதும், எந்தெந்த இணையப் பக்கங்கள் பார்க்கப்பட்டன என்று பட்டியல் எடுப்பதும், வட்டில் உள்ள கோப்புகளின் பெயர்களைத் திரட்டுவதும், அக்கம்பக்கத்தில் எந்தெந்தக் கணினிகள் இணைந்திருக்கின்றன என்று நோட்டம் பார்ப்பதும், யாவற்றையும் மூட்டை கட்டி எஜமானுக்குச் சேர்ப்பிப்பதுமே அதன் உத்தியோகம். காஸ்பர்ஸ்கி நிறுவனத்தார் அதே வருஷம் செப்டம்பரில் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, இதன் உடன்பிறப்பு ஒன்று 2018-லேயே இந்திய ஏ.டி.எம். யந்திரங்களில் குடியேறிக் கார்டு விவரங்களைப் படித்துக்கொண்டிருந்தது. இரண்டுமே, வடகொரியாவோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் லாசரஸ் கூட்டத்தின் கைவேலை என்பது அவர்கள் கண்ட முடிவு.

இந்த விவகாரத்தில் நான் பெரிதாக நினைப்பது, அணுமின் கழகம் சொன்ன சமாதானத்தின் இரண்டாவது பாகத்தை. ஒற்றன் புகுந்தது, நிர்வாக வேலைக்காக இணையத்தோடு சேர்க்கப்பட்டிருந்த வலையமைப்பில் ஒருவர் உபயோகித்த கணினியிலாம். முக்கியமான உள் வலையமைப்போ அதனின்று தனியே பிரித்து வைக்கப்பட்டதாம். ஆயிரம் மெகாவாட் சக்தியுள்ள இரண்டு உலைகள் அப்போது அங்கே இயங்கிக்கொண்டிருந்தன. அவற்றின் பக்கம் ஒற்றனை அண்டவிடாமல் காத்தது விலை உயர்ந்த ஆன்டிவைரஸ் அன்று. இன்ன காரியம் இன்ன கணினியில்தான், இதற்கும் அதற்கும் வழி கிடையாது என்று முன்னரே வகுத்து வைத்த பிரிவினை. வீட்டுக் கணினியின் க்ஷேமத்துக்கும் இதுவே முதல் விதி என்பது என் அபிப்பிராயம். நாம் கடைக்குப் போய் வாங்குகிற காவல்களெல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

ஆனால் நம்முடைய பழக்கம் நேர் எதிரானது. மதுரைச் சீமையில் கணினி பரவிய வரலாறே இதற்கு ஒரு காரணமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 2001-ஆம் ஆண்டு வாக்கில் மேலூர் வட்டாரத்துக் கிராமங்களில், சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தைக் கொண்டு இணைய மையங்கள் திறக்கப்பட்டன. பருத்தியில் விழுந்த பூச்சிக்கு மருந்து கேட்டவரும், வருமானச் சான்றிதழுக்கு மனுப் போட்டவரும், மங்கிய கண்ணைப் படமெடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி யோசனை கேட்ட பாட்டியும் அடுத்தடுத்து உட்கார்ந்தது ஒரே நாற்காலியில், ஒரே கணினியின் முன்னால். அந்தக் காலத்துக்கு அது மகத்தான சௌகரியம். பிறகு வந்த பிரவுசிங் சென்டர்களிலும் இதே முறைதான். அந்தப் பொது நாற்காலி அப்படியே வீட்டுக் கூடத்துக்கு இடம் பெயர்ந்தபோது, ஒரே கணக்கில், கடவுச்சொல் இல்லாமல், அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற சர்வாதிகாரத்தோடு, தாத்தாவின் பென்ஷன் கணக்கும் பேரனின் விளையாட்டும் கடையின் ஜி.எஸ்.டி.யும் ஒன்றாகக் கலந்துவிட்டன.

ஒற்றர்களைப் பற்றி எழுதப் புகுந்தவன் வள்ளுவரின் ஒற்றாடல் அதிகாரத்தை எடுத்துக் காட்டாமல் விடுவது தமிழில் வழக்கமில்லை. ஆனால் அங்கே பேசப்படுவது அரசன் அனுப்பும் ஒற்றன், நம் வீட்டிலோ நாமே கதவைத் திறந்துவிடுகிற ஒற்றன் என்பதால், அந்தச் சடங்கை இங்கே தவிர்த்துவிடுகிறேன். வேஷத்தில் மட்டும் இருவருக்கும் பேதமில்லை. 2000-ஆம் வருஷம் தொடங்கிச் சில காலம், பான்ஸி படி என்ற ஊதா நிறக் குரங்கு ஒன்று உலகெங்கும் வீட்டுக் கணினிகளின் திரையில் ஏறிப் பாட்டுப் பாடிற்று, ஹாஸ்யம் சொல்லிற்று, குழந்தைகளின் பெயரையும் விலாசத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டது; 2004-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் அதை வெளியிட்டவர்களிடமிருந்து 75,000 டாலர் அபராதம் வசூலித்தது. இன்றைக்கு வருகிற ஒற்றன் பாட்டுப் பாடுவதில்லை. ஓசியில் கிடைக்கும் போட்டோஷாப்பாகவும், கிராக் செய்த டாலியாகவும், விளையாட்டில் காசில்லாமல் முன்னேற உதவும் குறுக்குவழி நிரலாகவும் வருகிறான்.

மதுரை டவுன்ஹால் ரோட்டிலோ வேறு எந்தக் கடைத்தெருவிலோ புதிதாக அசெம்பிள் செய்த சிஸ்டத்தை வாங்கும்போது, அல்லது பழையதை ஃபார்மட் அடிக்கக் கொடுக்கும்போது, 'ஓ.எஸ். போட்டுத் தர்றோம் சார்' என்று கடைக்காரர் சொன்னால், அதற்கு லைசென்ஸ் உண்டா என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்? விண்டோஸைக் காசு கொடுக்காமல் விழிக்க வைப்பதற்கென்று ஒரு ரகத் துணைக்கருவிகள் புழங்குகின்றன. அவற்றைப் போடுமுன், ஆன்டிவைரஸை அணைத்துவிடு என்பதே பெரும்பாலும் முதல் நிபந்தனையாக இருக்கும். காவலாளியை வெளியே அனுப்பிவிட்டு வரச் சொல்லும் விருந்தாளியைப் பற்றி மேற்கொண்டு விசாரிக்க வேண்டிய அவசியமில்லை. கே.எம்.எஸ்.பிகோ என்ற அத்தகைய கருவியின் பெயரில் கிரிப்ட்பாட் என்ற, தகவல் திருடும் மென்பொருள் விநியோகிக்கப்படுவதை 2021 டிசம்பரில் ரெட் கேனரி என்ற அமெரிக்க நிறுவனம் விவரமாக வெளியிட்டது. 2000-ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு, சொந்தக்காரரின் அனுமதியில்லாமல் பிறர் கணினியில் கேடு விளைவிக்கும் நிரலைப் புகுத்துவதை நஷ்டஈடு கொடுக்க வேண்டிய காரியமாகப் பேசுகிறது. 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்தியவர் சொந்தக்காரரே ஆகும்போது வக்கீல்கள் என்ன வாதிப்பார்களோ!

உள்ளே வந்த பிறகு ஒற்றன் முதலில் தேடுவது பணப்பெட்டியை அல்ல, பிரவுசரை. 'கடவுச்சொல்லைச் சேமிக்கட்டுமா?' என்று அது கேட்கும்போதெல்லாம் தலையசைத்து வந்திருக்கிறோமே, அந்தச் சேமிப்பு அத்தனையும் சில விநாடிகளில் போய்விடும். இதைவிடச் சூக்ஷ்மமான களவு ஒன்று உண்டு. மின்னஞ்சலிலோ வேறு கணக்கிலோ ஒருமுறை நுழைந்துவிட்டால், இவர் முன்பே வந்தவர்தான் என்பதற்கு அடையாளமாக ஒரு சிறு குறிப்பை அந்தத் தளம் நம் கணினியில் வைத்துவிடுகிறது. குக்கீ என்பது அதன் பெயர். மீனாட்சியம்மன் கோயில் வாசலில் செருப்பை ஒப்படைத்தால் கொடுக்கும் டோக்கனைப் போன்றது அது. டோக்கனைக் காட்டுகிறவர் காலை யார் அளந்து பார்க்கிறார்கள்? அதைக் கவர்ந்து சென்றவன் வேறெங்கோ இருந்தபடி, கடவுச்சொல்லும் ஓ.டி.பி.யும் இல்லாமலே உங்கள் மின்னஞ்சலுக்குள் நடமாட முடியும். வங்கித் தளங்கள் சிறிது நேரம் சும்மா இருந்தாலே நம்மை வெளியேற்றிவிடுவது சள்ளையாகத் தோன்றினாலும், அந்த டோக்கனின் ஆயுளைக் குறுக்குவதற்காகச் செய்யப்படும் உபகாரம்தான் அது.

பழங்காநத்தத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியரான நண்பர் ஒருவரின் வீட்டில், தையல் மிஷினுக்குப் பக்கத்தில் இருந்த கணினியை, அது நத்தையாகிவிட்டது என்று அவர் குறைபட்டதன் பேரில் ஒருமுறை பார்க்க நேர்ந்தது. திரையின் வலது மூலையில், 'உங்கள் கணினியில் வைரஸ்' என்று நிமிஷத்துக்கு ஓர் எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. அது வைரஸுமல்ல, எச்சரிக்கையுமல்ல. எப்போதோ ஒரு சினிமாத் தளத்தில் 'அனுமதி' என்பதை யாரோ அழுத்தியதன் பலன். பிரவுசர் அமைப்புகளில் அறிவிப்பு அனுமதிகளின் பட்டியலைத் திறந்து, அறியாத தளங்களை நீக்கியதும் நின்றுவிட்டது. அடுத்தபடியாக எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்தால், பி.டி.எஃப். மாற்றித் தருவது, கூப்பன் தேடித் தருவது, வீடியோ இறக்கித் தருவது என்று பரோபகாரிகள் வரிசையாக நின்றார்கள். அவர்களுள் ஒருவர், எல்லா இணையதளங்களிலும் உள்ள எல்லாத் தகவல்களையும் படிக்கவும் மாற்றவும் அதிகாரம் பெற்றிருந்தார். வங்கியின் பக்கமும் அந்த எல்லாவற்றில் சேர்த்திதானே? யார் எதற்காகச் சேர்த்தது என்று வீட்டில் ஒருவருக்கும் சொல்லத் தெரியாதவற்றையெல்லாம் எடுத்தாயிற்று.

பிரதான வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பமாயிற்று. கணினியில் கணக்குகளைப் பிரித்தோம். அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு ஒன்று, கடவுச்சொல்லோடு, மென்பொருள் போடவும் நீக்கவும் மட்டும். நண்பரின் வங்கி, பென்ஷன் காரியங்களுக்கு ஒரு சாதாரணக் கணக்கு. மருமகளின் புடவை வியாபாரத்துக்கு ஒன்று. பேரனின் பாடத்துக்கும் விளையாட்டுக்கும் ஒன்று. சாதாரணக் கணக்கில் இருப்பவர் புதிதாக எதையாவது கணினி முழுமைக்குமாகப் போட முயன்றால், திரை மங்கி, நடுவில் ஒரு கட்டம் தோன்றி, அட்மினிஸ்ட்ரேட்டரின் கடவுச்சொல்லைக் கேட்கும்; வெளியிட்டவர் இன்னாரென்று தெரியாத மென்பொருளானால் அக்கட்டத்தின் தலைப்பு மஞ்சளாக இருக்கும். அந்த மஞ்சளைக் கண்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவதே வீட்டுக்கு நல்லது. பேரனின் கணக்கில் ஓர் ஒற்றன் புகுந்துவிட்டாலும், அட்மினிஸ்ட்ரேட்டரின் அதிகாரம் கிட்டாத வரையில், தாத்தாவின் கணக்கில் உள்ள கோப்புகளையோ பிரவுசர் சேமிப்பையோ அவன் சாதாரணமாகத் தொட முடியாது. ஒரே கணினிக்குள் நம் வசதிக்கேற்பச் செய்துகொள்ளும் கூடங்குளப் பிரிவினை இது. இந்த ஏற்பாட்டுக்கு முதல் ஆட்சேபம் பேரனிடமிருந்து வரும் என்று எதிர்பார்த்தேன், வந்தது நண்பரிடமிருந்து. "என்ன சார் இது, என் வீட்டு சிஸ்டத்துல எனக்கே பாஸ்வேர்டு கேக்குது?" என்றார். கேட்பதற்காகத்தான் அது வைக்கப்பட்டது என்று மருமகள் பதில் சொன்னார்.

ஆன்டிவைரஸ் விஷயத்தில் அதிகம் சொல்வதற்கில்லை. 2004 டிசம்பரில் ஜயண்ட் என்ற சிறு நிறுவனத்தை வாங்கி, அதன் ஒற்றனழிப்பு மென்பொருளை ஆதாரமாகக் கொண்டு மைக்ரோசாஃப்ட் வளர்த்த டிஃபென்டர், இன்று விண்டோஸோடு கூடவே வருகிறது; அணைக்காமலும் அவ்வப்போது வரும் அப்டேட்டைத் தள்ளிப்போடாமலும் இருந்தால், சாதாரணக் குடும்பத்துக்கு அது போதும். கூடுதலாக வேண்டுவோருக்குச் சென்னையிலேயே பிறந்த கே7 முதலியவை உண்டு. மத்திய அரசாங்கம் 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரம், இத்தகைய நிரல்களைத் துடைக்கும் கருவிகளை இலவசமாகவே தருகிறது. இரண்டு ஆன்டிவைரஸை ஒரே கணினியில் போடுவதால் இரட்டைக் காவல் கிடைக்காது, இரட்டைத் தாமதந்தான் கிடைக்கும்.

ஒற்றன் புகுந்துவிட்டான் என்று பலத்த சந்தேகம் ஏற்பட்டால், பதற்றத்தில் பலர் அதே கணினியிலேயே உட்கார்ந்து கடவுச்சொற்களை மாற்றத் தொடங்குகிறார்கள். புதிய சாவியையும் திருடன் கையிலேயே கொடுப்பதுதான் அது. முதலில் இணையத்தைத் துண்டிக்க வேண்டும். பிறகு வேறொரு நம்பகமான கருவியிலிருந்து மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு என்ற கட்டளையையும் கொடுத்துவிட வேண்டும். களவுபோன டோக்கன் செல்லாக்காசாவது அப்போதுதான். டிஃபென்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று உண்டு; விண்டோஸ் முழுதாக எழுமுன்பே சோதனை நடத்துவதால், ஒளிந்துகொள்ளத் தெரிந்தவர்களும் அதில் அகப்படக்கூடும். அதிலும் தீராவிட்டால் கோப்புகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு ஃபார்மட் செய்வதே உத்தமம். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்றப் புகார் எண்ணுக்கு உடனே பேசி, வங்கிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் பிறப்பித்த உத்தரவின்படி, தவறு வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் வேறெங்கோ நேர்ந்திருந்து, தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால், நஷ்டம் வாடிக்கையாளர் தலையில் விழாது. கடவுச்சொல்லைத் தாமே பிறருக்குக் கொடுத்ததுபோன்ற அஜாக்கிரதை இருந்தால், புகார் செய்யும் வரை போனதெல்லாம் அவருடையதே.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், 11-ஐத் தாங்காத பழைய கணினி வைத்திருப்போர் இனி யோசித்தே தீரவேண்டும். புதிய ஓட்டைகளுக்கு அடைப்பு வராத யந்திரத்தில் வங்கிக் காரியம் செய்வது தகாது. உபாயமாக, மத்திய அரசாங்கத்தின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் முதலான லினக்ஸ் இயங்குதள ரகங்களில் ஒன்றைப் போட்டுக்கொண்டால், இலவசம் என்பதோடு, விண்டோஸுக்கென்று எழுதப்பட்ட ஒற்றர்களில் பெரும்பாலோருக்கு அங்கே பிழைப்பும் கிடையாது. கணினியில் டாலியை நம்பியிருக்கும் வியாபாரிகளுக்கு இந்த வழி சரிப்படாது. மற்றவர்கள் வட்டை அழிக்குமுன், பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்த்து, வீட்டுப் பிரிண்டர் அதோடு ஒத்துப்போகிறதா என்பதைத் தெரிந்துகொண்டு செய்யலாம்.