சாலைக்கு அடியில் ஓர் ஒளியிழை

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் சாலை ஏறத்தாழ 30 கி.மீ. வழியில் ஏரிப்பாசன வயல்களின் களிமண். முடிவில் கடற்கரை மணல். மேலே உள்ள தார் ஒன்றுதான். ஆயினும் கார்த்திகை மழைக்குப் பின் குழிவிழும் அச்சம் ஏரிக்கரைப் பகுதிக்கே மிகுதி.

காரணம் அடிமண்ணின் விறைப்பு; அதாவது, அழுத்தும்போது நசுங்காமல் எதிர்த்து நிற்கும் தன்மை. களிமண் நீரைப் பிடித்துக்கொண்டு இளகிவிடும். மணல் நீரை வடியவிடும். பக்கவாட்டில் சரியாமல் காத்தால் போதும். (பாறையிலேயே ரதங்களைச் செதுக்கிய பல்லவச் சிற்பிகளுக்கு இந்தக் கவலை இருந்திராது!)

இதற்கான பழைய சோதனை 1929 வாக்கில் அமெரிக்காவின் கலிபோர்னியா நெடுஞ்சாலைத் துறையில் பிறந்தது. மண்ணை அச்சில் இடித்து, நான்கு நாள் நீரில் ஊறவைத்து, 50 மி.மீ. விட்டமுள்ள இரும்புத் தண்டை 2.5 மி.மீ. ஆழம் அழுத்துவார்கள். அதற்கு வேண்டிய எடை, நொறுக்கிய கல்லுக்குரிய 1370 கிலோவில் நூற்றுக்கு எத்தனை என்பதே விடை. ஊறிய களிமண் நூற்றுக்கு இரண்டு, மூன்று வாங்குவதுண்டு, நம்மில் சிலர் கணிதத் தேர்வில் வாங்குவது போல!

ஆனால் அது ஓரிடத்து மண்ணின் ஒருநாள் நிலை. சாலை போட்டபின் ஆண்டு முழுவதும் அடியில் நடப்பதை அறிய ஒளியிழை உதவும். மயிர்போன்ற கண்ணாடி இழைக்குள் நுண்ணிய வரிகளை அமைத்தால், அவை ஒரே ஓர் அலைநீள ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும். 1978-இல் கனடாவில் கென் ஹில் குழுவினர் கண்ட உண்மை இது. இழை நீண்டால் வரிகள் விலகி அலைநீளம் கூடும், சுருங்கினால் குறையும். பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நீண்டாலும், 1550 நானோமீட்டர் ஒளியில் சுமார் 1.2 பிக்கோமீட்டர் மாற்றம் தெரியும்.

இழை விறைப்பை நேரே அளப்பதில்லை. பின் அச்சில் 8.17 டன் ஏற்றிய லாரி கடக்கும்போது மண் எவ்வளவு நசுங்கியது என்று மட்டுமே சொல்லும். வெயிலில் தார் இளகினால் மண்ணுக்கு இறங்கும் அழுத்தமும் கூடும். ஆகவே அருகில் அழுத்தமானி ஒன்றும் புதைக்க வேண்டும். அழுத்தத்தை நசுக்கத்தால் வகுத்தால் விறைப்பு கிடைக்கும். மாதக்கணக்கில் மண் மெல்ல அமுங்குவதை அளப்பதானால் வெப்பமும் ஏமாற்றும்: ஒரு டிகிரி செல்சியசுக்கே சுமார் 10 பிக்கோமீட்டர்! பாரம் படாத இன்னோர் இழையைக் குழாயில் வைத்து, அதன் மாற்றத்தைக் கழித்தே ஆகவேண்டும்.

ஒளியைப் படிக்கும் கருவி விலைமிக்கது. சாலை உருளையின் கீழ் இழை அறுவதும் உண்டு. எனவே எல்லாச் சாலைக்கும் இது ஏற்றதன்று. ஏரிக்கரையில் ஓரிடம், மணற்பகுதியில் ஓரிடம் போதும். சித்திரைக் கணக்கையும் கார்த்திகைக் கணக்கையும் ஒப்பிட்டால், அந்த இடத்துக்கு வேண்டியது இன்னொரு பூச்சுத் தாரா, ஒரு வடிகாலா என்பது தெரிந்துவிடும்.