மடி மாறும் மழலைகள்

திருப்பூர் வட்டாரத்தில் நல்லதொரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைக்காரர் ஆனாலும், பனியன் கம்பெனி முதலாளி ஆனாலும், பிறந்தநாளோ பெற்றோர் நினைவுநாளோ வந்தால் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் ஒருவேளை உணவு வழங்குவார்கள். இலை போட்டுப் பரிமாறி முடிக்குமுன்பே மூன்று வயதுப் பிள்ளையொன்று முன்பின் அறியாதவர் மடியில் ஏறி அமர்ந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும். “எவ்வளவு பாசம் பாருங்க” என்று வந்தவர்கள் நெகிழ்வார்கள். குழந்தை வளர்ச்சி அறிவியல் அக்காட்சியை வேறுவிதமாகப் படிக்கிறது. உறுதியான பிணைப்போடு வளரும் அவ்வயதுக் குழந்தை, புதியவரைக் கண்டதும் பெரும்பாலும் தாயின் சேலைக்குப் பின்னால் ஒளியும். அங்கிருந்து எட்டிப் பார்க்கும். அவர் தீங்கற்றவர் என்று தாயின் முகம் சொன்ன பிறகே நெருங்கும். எவர் மடியாயினும் ஒன்றுதான் என்று ஏறிக்கொள்ளும் குழந்தைக்குத் தன் மடி என்று ஒன்று வாய்க்கவில்லை என்பதே அதன் பொருளாக இருக்கலாம். தடையிலா நெருக்கம் என்று ஆய்வாளர்கள் குறிக்கும் இவ்வியல்பு, தொடக்கக் காலப் புறக்கணிப்பின் நெடுநாள் நீடிக்கும் அடையாளங்களுள் ஒன்று.

இதனை ஐயமற நிறுவியது உருமேனியா நாட்டின் பெருந்துயரம். 1966இல் அந்நாட்டு ஆட்சியாளர் சவுசெசுக்கு என்பவர், மக்கள்தொகையைப் பெருக்கும் நோக்கில் கருக்கலைப்பைத் தடை செய்தார். வளர்க்க வழியற்ற குடும்பங்கள் பிள்ளைகளை அரசுக் காப்பகங்களில் விட்டன. 1989இல் அவர் ஆட்சி வீழ்ந்தபோது ஓர் இலக்கத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கே அடைந்து கிடந்ததை உலகம் கண்டது. பசியால் மட்டும் அவர்கள் மெலியவில்லை. தொட்டிற்கம்பிகளுக்கு நடுவே கூரையைப் பார்த்தபடி, பேச்சின்றித் தீண்டலின்றி நாட்கள் கழிந்தன.

2000ஆம் ஆண்டையொட்டி, சார்லசு நெல்சன், நேதன் பாக்சு முதலிய அமெரிக்க அறிஞர்கள் புக்காரெசுட்டு நகரில் ஓர் ஆய்வைத் தொடங்கினர். ஆறு காப்பகங்களில் இருந்த, ஆறு மாதம் முதல் முப்பத்தொரு மாதம் வரையிலான 136 குழந்தைகளைத் தெரிந்தெடுத்தனர். குலுக்கல் முறையில் பாதிப்பேர் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களுக்குச் சென்றனர். மறுபாதியினர் வழக்கமான பராமரிப்பிலேயே தொடர்ந்தனர். குழந்தைகளின் எதிர்காலத்தைக் குலுக்கலுக்கு விடலாமா என்ற அறவினா எழுந்தது, எழ வேண்டியதுதான். அந்நகரில் அப்போது வளர்ப்புக் குடும்ப ஏற்பாடே அரிது என்பதும், பின்னர் இடம் கிடைத்தபோது எக்குழந்தையும் காப்பகத்தில் தடுத்து வைக்கப்படவில்லை என்பதும் அவர்கள் தந்த விடை. அவ்விடை எனக்கு முழு நிறைவு தரவில்லை. ஆயினும் அவ்வாய்வின்றி நாம் இன்றும் ஊகத்திலேயே நின்றிருப்போம்.

முடிவுகள் 2007இல் வெளிவந்தன. நான்கரை வயதில் காப்பகப் பிரிவினரின் நுண்ணறிவு ஈவு சராசரியாக 73. வளர்ப்புக் குடும்பங்களுக்குச் சென்றவர்களுக்கு 81. பெற்றோருடன் வளர்ந்த அந்நகரக் குழந்தைகளுக்கு 109. இவற்றினும் எண்ணத்தக்கது வயதுக் கணக்கு. மூன்றரை வயதில் அளந்தபோது, பதினெட்டு மாதத்துக்குமுன் குடும்பம் கண்டவர்களின் ஈவு 94. முப்பது மாதம் கடந்து சென்றவர்களுடையது ஏறத்தாழ 80. பிணைப்பின் தரத்திலும் மூளையின் மின்னலைகளிலும் இரண்டு வயதையொட்டிய எல்லையொன்று தென்பட்டது. கவனக்குறைவும் துறுதுறுப்பும் மட்டும், குடும்பம் கிடைத்த பின்னும் எளிதில் அகலவில்லை. இம்முடிவுகள் வெளிவருமுன்பே, உருமேனியா 2004இல் இயற்றிய சட்டத்தால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் காப்பகத்தில் வைப்பதைத் தடுத்தது.

காப்பகத்தில் குறைவது என்ன? உணவென்று எளிதாகச் சொல்லிவிடலாம். அது முதன்மையான விடையன்று. 1970களில் எட்வர்டு திரோனிக் என்னும் உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாய், சில நிமிடம் முகத்தில் எவ்வசைவும் காட்டாமல் இருக்க வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், கூவும், விடை வராதபோது முகம் திருப்பும், பின் கலங்கி அழும். சில நிமிடத்துக்கே இந்நிலை. குழந்தையின் ஒலிக்கு ஓர் ஒலி, பார்வைக்கு ஒரு பார்வை என்ற இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் மூளையின் நரம்பிணைப்புகள் வலுப்பெறுகின்றன. அச்சமும் பசியும் தோன்றும்போது சுரக்கும் கார்ட்டிசால் என்னும் இயக்குநீர், அறிந்த கை அணைத்ததும் தணிய வேண்டும். அணைப்பாரின்றி அது மீண்டும் மீண்டும் பொங்கினால், காலையில் உயர்ந்து மாலையில் தாழும் அதன் இயல்பான ஒழுங்கே பிறழ்ந்துவிடுகிறது. உளக்காயம் என்பது நினைவில் மட்டும் பதிவதன்று. நினைவு தோன்றுமுன்பே உடலில் பதிவது.

உருசிய நாட்டின் செயிண்ட் பீட்டர்சுபர்க்கு நகரக் காப்பகங்களைப் பற்றிய ஆய்வு, அங்கே வளரும் ஒரு குழந்தை முதல் இரண்டாண்டுக்குள் அறுபது முதல் நூறு பராமரிப்பாளர்கள் வரை காண நேர்ந்ததென்று சொல்கிறது. காலை ஒருவர், மாலை ஒருவர், வார இறுதியில் வேறொருவர், அகவை கூடினால் அடுத்த அறை, அங்கே புதிய ஆயா. ஒவ்வொருவரும் நல்லவராகவே இருக்கலாம். குழுவைச் சிறிதாக்கி, அதே இருவர் தொடர்ந்து பார்க்குமாறு ஏற்பாடு செய்தபோது, உணவில் மாற்றமின்றியே குழந்தைகளின் உயரமும் எடையும்கூடக் கூடின. நம் நாட்டிலும் சான்றுண்டு. தில்லிக் காப்பகமொன்றின் மழலைகளுக்கு நாள்தோறும் தொண்ணூறு நிமிட விளையாட்டு என்ற எளிய ஏற்பாட்டால் உடலியக்கமும் அறிவும் தெளிவாக உயர்ந்ததை 2002இல் வெளியான ஆய்வு காட்டிற்று. இவ்விரண்டுக்கும் பெரும்பொருள் வேண்டியதில்லை. குழந்தையோடு விளையாட நேரம் வேண்டும், ஆள் மாறாதிருக்க வேண்டும்.

அனுப்பர்பாளையத்துக்கு அண்மையிலுள்ள திருமுருகன்பூண்டியில், 2022 அக்டோபரில் தனியார் காப்பகமொன்றின் சிறுவர் மூவர் உணவு நஞ்சாகி உயிர்நீத்தனர். அரசு அக்காப்பகத்தை மூடியது. சமையற்கூடமும் உரிமமும் கண்காணிக்கப்படுவது கட்டாயம். ஆனால் கூடம் தூய்மையாகி, ஆயாக்கள் ஷிப்டுக்கு ஷிப்டு மாறிக்கொண்டிருந்தால், உயிர் காக்கப்படும், வளர்ச்சி காக்கப்படாது.

தமிழகத்தில் கைவிடப்படும் குழந்தைக்கு அரசு திறந்த வாயில்களுள் பேர்பெற்றது தொட்டில் குழந்தைத் திட்டம். பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கி, 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும் விரிந்தது. தொட்டிலில் வந்த மழலை தத்து வீட்டை அடையும் வரை சட்டத்தின் படிகள் பல. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பெற்றவரே ஒப்படைத்தால் அவர் மனம் மாறுவதற்கு அறுபது நாள் காலம் உண்டு. கைவிடப்பட்ட குழந்தை இரண்டு வயதுக்குட்பட்டதாயின் இரண்டு மாதத்துக்குள்ளும், மேற்பட்டதாயின் நான்கு மாதத்துக்குள்ளும் தத்துக்குரியதென அறிவிக்கப்பட வேண்டும். நீதிமன்றத்தில் தேங்கிய ஆணைகளை விரைவுபடுத்த, 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியரே தத்து ஆணை வழங்குகிறார். அறுபது நாளைக் குறைக்க வேண்டும் என்பாரும் உளர், நான் உடன்படேன். வறுமையால் நெருக்குண்ட தாய்க்கு அது இறுதி வாயில். குறைக்கப்பட வேண்டியவை, கோப்புகள் மேசைக்கு மேசை நகரும் நாட்களே. காத்திருக்கும் பெற்றோர்க்கு ஓர் ஆண்டு என்பது ஓர் ஆண்டுதான். எட்டு மாதக் குழந்தைக்கோ அது வாழ்ந்த காலத்தைவிட நீண்டது.

குழந்தை வேண்டி மைய அரசின் தத்தெடுப்பு ஆணையத்தில் பதிந்தவர்கள் சில ஆண்டுகள் காத்திருக்கிறார்கள். நாடு முழுவதும் ஆண்டுக்கு நாலாயிரத்தையொட்டிய தத்துகளே நிகழ்கின்றன. இவ்வாறு காத்திருக்கப் பொறுக்காமையில்தான் கள்ளச்சந்தை முளைக்கிறது. 2019 ஏப்ரலில் இராசிபுரத்தில் முன்னாள் செவிலி ஒருவரும் துணைநின்றோரும் குழந்தை விற்பனை வழக்கில் கைதானதைக் கொங்கு நாடு மறந்திராது. அவ்வாறு வாங்கிய குழந்தைக்குப் பிறப்பின் வரலாறே அழிக்கப்படுகிறது. பின்னாளில் அது தன் வேரைத் தேட ஒரு தாளும் இராது.

காப்பகங்களில் வளர்வோருள் பெரும்பாலார்க்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கின்றனர் என்பதையும் சொல்லியாக வேண்டும். தையற்கூடத்தில் ‘ஒன்றரை ஷிப்டு’ பார்க்கும் தாய், கணவனை இழந்தாலோ பிரிந்தாலோ, கைக்குழந்தையை எங்கே விடுவாள்? ஒடிசாவிலிருந்தோ தென்மாவட்டத்திலிருந்தோ வந்தவளாயின் அம்மாயி வீடும் அருகில் இல்லை. அங்கன்வாடி இரண்டு வயதுக்குமேல்தான் ஏற்கும். அறிவியல் அஞ்சுவதோ அதற்கு முந்திய காலத்துக்கு. முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் ஆலையில் குழந்தைகள் காப்பறை வேண்டுமென 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமும், ஐம்பது பேர் பணிபுரியும் இடமெங்கும் வேண்டுமென 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலத் திருத்தமும் விதித்தன. கம்பெனி வாயிலில் ஒழுங்காக நடக்கும் காப்பறை ஒன்று, சில குழந்தைகளையேனும் காப்பகத்துக்குப் போகாமல் தடுக்கும். மைய அரசின் மிசன் வாத்சல்யா திட்டத்தில் இத்தகைய குடும்பத்தின் குழந்தைக்குத் திங்கள்தோறும் நாலாயிரம் உருபா நிதியாதரவு உண்டு. அறிந்து கேட்போர் சிலரே.

வளர்ந்த குழந்தையைத் தத்தெடுக்கத் தயங்குவோர் மிகப் பலர். அவர்களுக்கு அறிவியல் பொய்யான ஆறுதலும் சொல்வதில்லை, கைவிரிப்பதும் இல்லை. அனுப்பர்பாளையத்துப் பட்டறையில் அடித்து அடித்து இறுகிய பித்தளைத் தகட்டை மீண்டும் அனலில் காய்ச்சித்தான் வளைப்பர். வளையும், ஆனால் அனலின்றி அடித்தால் விரிசல் விடும். ஏழு வயதில் வந்த பிள்ளை உணவைத் தலையணைக்கடியில் ஒளித்து வைக்கும். அன்பு காட்டுபவரிடமே மிகக் கடுமையாக நடந்துகொள்ளும். இது நன்றிகெட்ட குணமன்று. இவர்களும் விட்டுவிடுவார்களா என்னும் சோதனை. அடியும் மிரட்டலும் அச்சோதனைக்குத் தவறான விடை.

உறவுக்குள் தத்தெடுப்பது கொங்கு நாட்டுக்குப் புதிதன்று. பிள்ளையில்லாத அண்ணனுக்குத் தம்பி மகனைக் கொடுத்த குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு. அங்கே பெற்றவர் யாரென்பதை எல்லாரும் அறிவர். வெளியிலிருந்து தத்தெடுத்தால் மட்டும் வீடு மாற்றி, ஊர் மாற்றி மறைக்கிறார்கள். தேவிட்டு பிராட்சின்சுகி என்னும் உளவியலாளர் 1980களில் செய்த ஆய்வின்படி, ‘நீ தத்துப்பிள்ளை’ என்ற சொல்லைச் சிறு குழந்தை மகிழ்ச்சியோடு ஏற்கும். ஆறு முதல் எட்டு வயதில்தான், ஒரு குடும்பம் கிடைத்ததென்றால் மற்றொன்று இழக்கப்பட்டது என்று விளங்கும். அப்போது அப்பிள்ளை துயருறுவது இயல்பு. வளர்ப்பில் பிழையென்று பொருளில்லை.

இங்கிலாந்தில் தத்தெடுக்கப்பட்ட 165 உருமேனியக் குழந்தைகளை மைக்கேல் இரட்டர் என்னும் ஆய்வாளரின் குழுவினர் இளமைப் பருவம் வரை தொடர்ந்தனர். ஆறு மாதத்துக்குமுன் வந்தவர்கள் மற்றக் குழந்தைகளைப் போன்றே வளர்ந்தனர். அதற்குமேல் காப்பகத்தில் இருந்தவர்களின் அறிவுத்திறன் காலப்போக்கில் மீண்டது. ஐவரில் ஒருவர்க்கு எக்குறையும் இல்லை. ஆனால் அச்சமும் மனச்சோர்வும் அவர்களுள் பலர்க்குப் பதினைந்து வயதுக்குப் பின்னரே பெருகின. நம் நாட்டில் தத்துக் குடும்பத்தை ஆறு மாதத்துக்கொருமுறை பார்த்துவரும் பணியாளரின் பொறுப்பு இரண்டாண்டோடு முடிகிறது. ஏழு வயதில் வீடு வந்த பிள்ளைக்கு அப்போது வயது ஒன்பது.