மோதலில் மறையாத ஆற்றல்

கொள்ளிடக் கரையை அடுத்துள்ள ஊர் தா.பழூர். அவ்வூர்த் தெருவில் சிறுவர் கோலிக்குண்டு ஆடும்போது, உருண்டு வரும் குண்டு நிற்கும் குண்டை நேராகத் தாக்கினால், வந்தது நின்றுவிடும், நின்றது ஓடும். அதே குண்டை ஆற்றங்கரையின் ஈரக் களிமண்ணில் எறிந்தால், அது புதைந்து நின்றுவிடும். முதல் மோதலில் ஆற்றல் மற்றொரு குண்டிற்குச் சென்றதைக் கண்ணால் காண்கிறோம். இரண்டாம் மோதலில் அந்த ஆற்றல் எங்கே சென்றது?

மோதலின் இருவகை

ஆற்றலை ஆக்கவும் இயலாது, அழிக்கவும் இயலாது. அது ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவிற்கு மாறும். இதுவே ஆற்றல் மாறா விதி. இயக்க ஆற்றல் குறையாமல் நிகழும் மோதல் மீட்சி மோதல் எனப்படும். கோலிக்குண்டுகளின் மோதல் ஏறத்தாழ இவ்வகையினது. களிமண்ணில் விழுந்த குண்டின் இயக்க ஆற்றலோ மண்ணின் வடிவைக் குலைத்து, வெப்பமாகவும் ஒலியாகவும் மாறிவிடுகிறது. இது மீட்சியற்ற மோதல். இங்கு இயக்கம் நின்றது; ஆற்றல் அழியவில்லை.

களிமண் காட்டிய கணக்கு

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில், நெதர்லாந்து நாட்டு அறிஞர் கிராவசாண்டே பித்தளைக் குண்டுகளை மென்களிமண்மீது விழச்செய்து ஆராய்ந்தார். வேகம் இருமடங்கானபோது பள்ளம் நான்கு மடங்கு ஆழமாயிற்று. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கேற்ப உயர்வதையே இது காட்டியது. பிரெஞ்சு அறிஞர் எமிலி து சாட்லே 1740இல் வெளியிட்ட தம் இயற்பியல் நூலில் இக்கருத்தை நிலைநாட்டினார்.

சாலையில் அதே கணக்கு

60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் இருசக்கர ஊர்தியில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்கையில், அவர் உடலின் இயக்க ஆற்றல் 3,000 ஜூல். வேகம் 72 ஆனால் அது 12,000 ஜூல். முன்னது 5 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பாகும். பின்னது 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பாகும். அரியலூர் மாவட்டச் சாலைகளில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய சரக்குந்துகள் செல்வதைக் காண்கிறோம். 25 டன் நிறையுள்ள சரக்குந்து 36 கிலோமீட்டர் வேகத்தில் கொண்டிருக்கும் ஆற்றல் 12,50,000 ஜூல். மோதும் நொடியில் இவ்வாற்றல் உலோகத்தை நெளிக்கும், கண்ணாடியை நொறுக்கும், எலும்பையும் முறிக்கும்.

தலைக்கவசத்தின் பணி

விரைந்து வரும் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னோக்கி இழுத்துக்கொள்வார். நிற்கும் தொலைவு கூடினால் தாக்கும் விசை குறையும். தலைக்கவசத்தின் உட்புற நுரைப்பொருள் இதனையே செய்கிறது. அது நசுங்கும்போது தலைக்கு வரவேண்டிய ஆற்றலின் ஒரு பகுதியைத் தான் ஏற்றுக்கொள்கிறது. நசுங்கிய நுரைப்பொருள் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஆதலால் விபத்தில் அடிபட்ட கவசத்தை மீண்டும் அணிதல் கூடாது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியுள்ளது.

எனினும், கவசம் ஏற்கும் ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. தடையை அழுத்தும்போது ஊர்தியின் இயக்க ஆற்றல் வெப்பமாக மாறி வெளியேறுகிறது; வேகம் இருமடங்கானால் அதற்குத் தேவைப்படும் தொலைவும் நான்கு மடங்காகும். மோதலுக்குப் பின் ஆற்றல் செல்லும் வழியை நாம் தேர்ந்தெடுக்க இயலாது. மோதலுக்கு முன் வேகத்தைக் குறைப்பது நம் கையில் உள்ளது.