சூறாவளிக்கு முன் கிடைக்கும் இரண்டு நாட்கள்

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று திரும்பியதும் 'வங்காள விரிகுடாவில் தாழமுக்கம்' என்ற அறிவித்தல் வானொலியில் வரத் தொடங்கிவிடும். வடக்கு, கிழக்குக் கரையில் வாழும் எமக்கு இது புதிதல்ல. 1964 டிசெம்பரில் மன்னாரை அடித்தது. 1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. 2000 டிசெம்பரில் திருகோணமலை, 2008 நவம்பரில் 'நிஷா', 2020 டிசெம்பரில் 'புரெவி' என்று வருட முடிவிலேயே இவை வந்திருக்கின்றன. 2008 இல் வன்னியில் தறப்பாள் கொட்டில்களுக்குள் இருந்தவர்களுக்கு ஒரு பக்கம் ஷெல், மறு பக்கம் வெள்ளம்.

ஷெல்லடி சொல்லிக்கொண்டு வருவதில்லை. சூறாவளி பெரும்பாலும் ஒன்றிரண்டு நாட்கள் முன்னமே சொல்லிவிட்டுத்தான் வருகிறது. ஓடி ஓடிப் பழகிய எமக்கு, காத்திருந்து ஆயத்தம் செய்வதுதான் பழக்கமில்லாத வேலை. இன்னொன்றையும் சொல்லவேண்டும். பயங்கரமாகச் சத்தம் கேட்டால் பள்ளத்துக்குள் இறங்கவேண்டும் என்று எங்கள் உடம்பு படித்து வைத்திருக்கிறது. சூறாவளிக்கு அது பொருந்தாது. பங்கரும் வாய்க்காலும் சில நிமிடங்களில் நிரம்பிவிடும். வளவுக்குள் பழைய பதுங்குகுழி மூடப்படாமல் இருந்தால் மாரிக்கு முன் மண் போட்டு மூடிவிடுங்கள். தண்ணீர் நின்றபின் அது எங்கே இருக்கிறதென்று பிள்ளைக்குத் தெரியாது.

முதலில் கடதாசிகளைப் பாருங்கள். அடையாள அட்டை, பிறப்பு, இறப்பு, விவாகச் சான்றிதழ்கள், காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் கிளினிக் அட்டை எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி, அதை இன்னொரு பைக்குள் வைத்துக் கட்டவேண்டும். பதிவுச் சான்றிதழ் நனைந்தால் அலைந்து திரிந்தாவது புதிய பிரதி எடுக்கலாம். காணாமற்போன கணவனைப் பற்றி, மகனைப் பற்றிப் பொலிஸில் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி, செஞ்சிலுவைக் குழு தந்த துண்டு, ஆணைக்குழுக்களுக்கு எழுதிய மனு, அவருடைய கடைசிப் படம் ஆகியவற்றை அப்படித் திரும்ப எடுக்க முடியாது. பல வீடுகளில் இவை சாமிப்படத்துக்குப் பின்னால் அல்லது தகரப் பெட்டியின் அடியில்தான் கிடக்கின்றன. வெயில் நாளிலேயே போட்டோப் பிரதி எடுத்து, ஒரு தொகுதியை வேறு ஊரில் இருக்கும் சகோதரியிடம் கொடுத்து வையுங்கள். கைத்தொலைபேசி உள்ள பிள்ளை ஒவ்வொன்றையும் படம் பிடித்து உறவினருக்கு அனுப்பி வைக்கலாம்.

அடுத்தது கூரை. ஆம்பிளை இல்லாத வீட்டில் யார் ஏறுவது என்று கேட்பீர்கள். அது நியாயமான கேள்விதான். மாதர் சங்கத்தில் நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரு தச்சரைப் பிடித்து, ஒரே நாளில் எல்லா வீட்டையும் பார்த்துவிட்டால் கூலி குறையும். தகரத்தின் ஆணிகள் கழன்றிருக்கின்றனவா, மரங்கள் தூணோடு கட்டுக்கம்பியால் இறுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். பறக்கும் தகரம் கத்தியைப் போல வெட்டும். ஓலை வீடென்றால் கூரைக்கு மேலால் கயிறு போட்டு, இரு பக்கமும் முளை அடித்துக் கட்டலாம். வீட்டை நோக்கிச் சாய்ந்த முருங்கைக் கொப்பு, பட்ட தென்னை, காய்ந்த பனையோலை என்பவற்றை மழைக்கு முன் வெட்டிவிடவேண்டும்.

சாப்பாட்டுக்கு மூன்று நாளைக்குப் போதுமானது போதும். அவல், பிஸ்கற், சீனி, தேயிலை, மூடியுள்ள கானில் குடிநீர், ஜீவனி, டோர்ச், தீப்பெட்டி, வழமையான மருந்து, மாதவிடாய்த் துணி ஆகியவற்றை ஒரு பையில் போட்டு வையுங்கள். செயற்கைக் கால் பாவிப்பவர்கள் அதை உயரத்தில், நனையாமல் வைக்கவேண்டும். ஈரத்தோடு போட்டு நடந்தால் தோல் உரிந்து புண்ணாகும். மாதம் நிறைந்த கர்ப்பிணி இருந்தால் குடும்பநல உத்தியோகத்தருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். காற்று வந்தபின் வாகனம் வராது.

போகச் சொன்னால் போய்விடுங்கள். 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' வந்தபோது நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலான உயிர்களை வெள்ளமும் மலைநாட்டு மண்சரிவுமே எடுத்தன. வீட்டை விட்டால் களவு போகும், ஆட்டை என்ன செய்வது என்று எமது பெண்கள் கடைசிவரை நின்றுவிடுகிறார்கள். இருந்ததையெல்லாம் பலமுறை இழந்தவர்களுக்கு ஒரு சருவச்சட்டியை விட்டுப்போவதும் கடினம்தான். ஆடு மாட்டைக் கட்டி வைக்காமல் அவிழ்த்து மேட்டுப்பக்கம் விடுங்கள், அது தன் வழியைப் பார்க்கும். கிராம அலுவலரின் இலக்கத்தையும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தையும் சுவரில் எழுதி வையுங்கள். தங்கும் பாடசாலையில் இரவில் மலசலகூடத்துக்குத் தனியே போகாமல், இருவராக டோர்ச்சோடு போவது நல்லது.

வீட்டிலேயே இருக்க நேர்ந்தால் யன்னலோரத்தை விட்டு, உள் அறையில் கட்டிலுக்கோ மேசைக்கோ கீழே இருங்கள். நடுவில் காற்று திடீரென்று அடங்கினால் நம்பி வெளியே வராதீர்கள். சூறாவளியின் கண் கடக்கும்போது அப்படித்தான் அமைதி வரும். சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து பழைய வேகத்தோடு அடிக்கும். தகரம் அடிபடும் சத்தத்தில் சிலருக்குப் பழைய நாட்கள் திரும்பி வந்து கை கால் நடுங்கும். அது பைத்தியமல்ல. பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்து, இது காற்று என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

வெள்ளம் வடிந்தபின் அறுந்த மின்கம்பியைத் தொடவேண்டாம். மிதிவெடி அகற்றல் இன்னும் முழுதாக முடியவில்லை. வெள்ளம் மண்ணை அரித்து வெடிபொருளை இடம் மாற்றும். நேற்றுவரை நடந்த பாதைதானே என்று விறகு பொறுக்கப் போகாதீர்கள். தெரியாத இரும்பைக் கண்டால் தொடாமல் வந்து அறிவியுங்கள். கிணற்றைக் கண்டவுடன் முழுதாக இறைத்துவிட வேண்டாம். நிலம் ஊறியிருக்கும்போது ஒரேயடியாக இறைத்தால் கட்டு இடிந்து விழலாம். தண்ணீர் மட்டம் இறங்கும்வரை பொறுத்து, சுகாதாரப் பரிசோதகரைக் கொண்டு குளோரின் போடுவித்து, அதற்குப் பிறகும் சில நாட்கள் கொதிக்க வைத்தே குடியுங்கள்.