கீரிப்பிள்ளைக் கதை

கீரிப்பிள்ளைக் கதை என்பது, ஆராயாமல் செய்யும் செயலின் விளைவைக் கூறும் பழமையான இந்திய நீதிக்கதைகளுள் ஒன்றாகும். இது பஞ்சதந்திரத்தின் ஐந்தாம் பகுதியில் இடம்பெறுகிறது. தமிழில் சிலப்பதிகாரத்திலேயே இக்கதை பற்றிய குறிப்பு காணப்படுகிறது.

கதை

ஓர் அந்தணர் வீட்டில் கைக்குழந்தையுடன் ஒரு கீரிப்பிள்ளையும் வளர்ந்து வந்தது. ஒருநாள் தாய், குழந்தையைக் கணவனிடம் ஒப்படைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கச் சென்றாள். கணவனும் வெளியே போய்விட்டான். அப்போது தொட்டிலை நெருங்கிய பாம்பைக் கீரி கடித்துக் கொன்றது. இரத்தம் படிந்த வாயுடன் வாசலுக்கு ஓடிவந்த கீரியைக் கண்ட தாய், அது குழந்தையைக் கொன்றுவிட்டதாக எண்ணித் தண்ணீர்க் குடத்தை அதன்மேல் போட்டாள். உள்ளே சென்றபோது குழந்தை நலமாக இருந்தது. அருகில் பாம்பு துண்டுதுண்டாகக் கிடந்தது.

இதோபதேசத்தில் கீரியைக் கொல்பவன் கணவன். யார் கொன்றாலும் கதை மாறுவதில்லை.

கதையின் நீதி

"ஆராயாமல் எதையும் செய்யக்கூடாது" என்பதே வழக்கமாகக் கூறப்படும் நீதி. ஆனால் அந்தத் தாயிடம் சான்று இல்லாமல் இல்லை. கீரியின் வாயில் இருந்த இரத்தம் உண்மையானதே. அதற்கு அவள் கொண்ட பொருள்தான் தவறு. கண்ணால் கண்டதும் பொய்யாகலாம் என்பது தமிழ்ப் பழமொழியும் கூறும் செய்தியாகும். கீரி பேசும் விலங்காகப் படைக்கப்படவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. பஞ்சதந்திரத்தின் சிங்கமும் நரியும் பேசுகின்றன. இங்கே கீரி பேசியிருந்தால் கதையே இல்லை.

சிலப்பதிகாரத்தில்

பஞ்சதந்திரக் கதை கீரியின் சாவோடு முடிகிறது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையோ அதற்குப் பின் நடந்ததைச் சொல்கிறது. கீரி இறந்த செய்தி சில சொற்களில் மட்டுமே வருகிறது. படிப்போருக்குக் கதை முன்பே தெரியும் என்று இளங்கோவடிகள் கருதியதாகவே கொள்ளலாம்.

நிகழிடம் புகார். சிதம்பரத்திற்குத் தெற்கே, கொள்ளிடத்துக்கு அப்பால், இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள பூம்புகாரே அது. கீரியைக் கொன்ற மனைவியின் கையால் உண்பது தகாது என்று கூறி, அந்தணன் வடதிசை நோக்கிப் புறப்படுகிறான். வடமொழி வாசகம் எழுதிய ஏடு ஒன்றை அவளிடம் தந்து, கடமை அறிந்தவர்களிடம் கொடுக்கச் சொல்கிறான். அவள் அதை ஏந்தி வணிகர் தெருவில் வீடுவீடாக அலைகிறாள். கோவலன் அவளை அழைத்து விசாரித்து, நூல்களில் சொல்லியபடி தானம் செய்து அவள் பாவத்தைப் போக்குகிறான். பிரிந்த கணவனையும் அழைத்துவந்து, பொருளும் கொடுத்து வாழவைக்கிறான்.

இதனை மாடலன் என்னும் அந்தணன், மதுரையின் புறஞ்சேரியில் கோவலனிடமே நினைவுகூர்கிறான். இடம் முக்கியமானது. அடுத்து வருவது கொலைக்களக் காதை. அங்கே பாண்டியன், பொற்கொல்லன் சொல்லை நம்பி, விசாரிக்காமல் கோவலனைக் கொல்ல ஆணையிடுகிறான். கோவலன் கையில் இருந்த சிலம்பு, கீரியின் வாயில் இருந்த இரத்தத்தைப் போன்றதே. ஆராயாமல் செய்த ஒருத்தியின் பிழைக்குத் தன் பொருளைக் கொடுத்தவன், அதே பிழையால் உயிரிழக்கிறான். நீதிக்கதையை ஒரு வரியில் மனப்பாடம் செய்யும் மாணவர்கள் இந்த இரு காதைகளையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

பரவல்

பஞ்சதந்திரம் 6ஆம் நூற்றாண்டில் பாரசீகத்திற்கும், 8ஆம் நூற்றாண்டில் "கலீலா வ திம்னா" என்ற பெயரில் அரபு மொழிக்கும் சென்றது. தமிழில் தாண்டவராய முதலியாரின் உரைநடைப் பஞ்சதந்திரம் 1826இல் அச்சானது. மேற்கே செல்லச் செல்ல, கீரி மரநாயின் இனத்தைச் சேர்ந்த சிறு விலங்காகவும் பின்னர் நாயாகவும் மாறியது. வேல்சு நாட்டில் அந்த நாயின் பெயர் கெலெர்ட்; பெத்கெலெர்ட் என்னும் ஊரில் அதற்கு ஒரு கல்லறையும் காட்டப்படுகிறது. பிரான்சில் லியோன் நகரை அடுத்த பகுதியில், கின்ஃபோர் என்ற நாயைப் புனிதராகக் கருதி, நோயுற்ற குழந்தைகளைத் தாய்மார் அதன் புதைகுழிக்குக் கொண்டுசென்றனர். 13ஆம் நூற்றாண்டில் அங்கு வந்த பூர்போன் இசுடீபன் என்ற துறவி, நாயின் எலும்புகளைத் தோண்டி எரிக்கச் செய்தார். வழிபாடு அதன் பிறகும் பல நூற்றாண்டுகள் தொடர்ந்தது.