கஹ்வா: மதியைத் தொடும் பொருள்களும் மார்க்கத்தின் அளவுகோலும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறுவோர் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கின்றனர். சங்கப் புலவர்கள் போற்றிய வல்வில் ஓரியின் மலை இது. காண்போர் உள்ளத்தை மயக்கும் கொல்லிப்பாவை நின்றதாக அவர்கள் சொன்ன மலையும் இதுவே. சித்தர்கள் மூலிகை தேடி உறைந்த மலை என்பது மக்கள் வழக்கு. இன்று அம்மலையில், ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில், சில்வர் ஓக் மரங்களின் நிழலில், மிளகுக் கொடிகளுக்குக் கீழே காப்பிச் செடிகள் வளர்கின்றன. கோடை மழை விழுந்ததும் அவை மல்லிகையை ஒத்த வெண்பூக்களைப் பூக்கின்றன. கார்த்திகை, மார்கழியில் பழங்கள் சிவக்கின்றன. மூலிகை தேடி அம்மலை ஏறுவோர் இச்செடியை மூலிகையாகக் கருதுவதில்லை. ஆயினும், மூளையிலும் நரம்பு மண்டலத்திலும் செயல்படும் பொருள்களில் உலகில் மிகப் பலர் நாள்தோறும் உட்கொள்வது இதன் வித்திலுள்ள கஃபீனே ஆகும்.

இச்செடி ஒரு காலத்தில் மக்கமா நகரில் வழக்கு மன்றத்தில் நிறுத்தப்பட்டது. இது மதியை மாற்றுகிறதா, மாற்றுகிறது என்பதை எதைக் கொண்டு அறிவது என்பதே அன்றைய கேள்வி. இன்று மருத்துவமனைக் கட்டிலருகே உறக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை, மார்ஃபின் ஆகியவற்றைக் குறித்து நம் மக்கள் எழுப்புவதும் அதே கேள்விதான். எனவே அந்தப் பழைய வழக்கை மருந்தியலின் துணையோடு மீண்டும் படித்துப் பார்ப்பது பயனுடையது எனக் கருதுகிறோம்.

மக்காவில் ஒரு விசாரணை

காப்பிச் செடியின் தாயகம் எத்தியோப்பியா. அதன் வித்தைப் பானமாக்கிப் பரவச் செய்தவர்கள் ஹிஜ்ரி ஒன்பதாம் நூற்றாண்டில், அதாவது கி.பி. பதினைந்தாம் நூற்றாண்டில், யமன் நாட்டில் வாழ்ந்த சூஃபியாக்கள் ஆவர். இரவு நேர திக்ரில் உறக்கம் வந்து குறுக்கிடாதிருக்க அவர்கள் இதனை அருந்தினர். ஏடனின் முஃப்தியாக விளங்கிய ஜமாலுத்தீன் தப்ஹானீ (ரஹ்), மோக்கா துறைமுகத்தின் ஷெய்கு அலீ இப்னு உமர் ஷாதுலீ (ரஹ்) ஆகியோரின் பெயர்கள் இதன் வரலாற்றோடு இணைத்துப் பேசப்படுகின்றன. ஷாதுலிய்யா தரீக்கா காயல்பட்டினம் போன்ற நம் கடற்கரை ஊர்களுக்கும் அந்நியமானதன்று. யமனிலிருந்து ஏழு வித்துகளைக் கொணர்ந்து சிக்மகளூர் மலையில் ஊன்றியவர் பாபா புதன் என்னும் இறைநேசர் என்பது வழிவழிச் செய்தி. சேலத்தை அடுத்த சேர்வராயன் மலையில் 1820களில் காப்பியைப் பயிரிடச் செய்தவர் ஆட்சியர் காக்பர்ன்.

ஹிஜ்ரி 917இல், அதாவது கி.பி. 1511இல், மக்காவின் முஹ்தஸிபாக இருந்த காயிர் பேக், ஹரம் ஷரீஃபின் அருகே இரவில் சிலர் கூடி ஏதோ ஒன்றைக் கிண்ணத்தில் மாறி மாறிப் பருகுவதைக் கண்டார். மது அருந்துவோரின் கோலம் அவருக்கு நினைவு வந்தது. பெயரும் ஐயத்தை வளர்த்தது. ஏனெனில் ‘கஹ்வா’ என்னும் சொல் பழைய அரபு மொழியில் மதுவுக்கு வழங்கிய பெயர்களுள் ஒன்று. அவர் உலமாக்களின் சபையைக் கூட்டினார். இரு மருத்துவர்கள் இதன் குணம் குளிர்ச்சியும் வறட்சியும் ஆதலால் உடலுக்குக் கேடு என்று சாட்சி கூறினர். சபையில் இருந்த ஒருவர், தாம் அருந்தியபோது மது தரும் மாறுதலையே இதுவும் தந்தது என்றார். மதுவின் மாறுதல் அவருக்கு எவ்வாறு தெரியும் என்ற வினா எழவே, அவரே தண்டனைக்கு உள்ளாக நேர்ந்தது. இறுதியில் காப்பி தடுக்கப்பட்டது. எனினும் கெய்ரோவிலிருந்து வந்த சுல்தான் கான்ஸூஹ் கோரியின் ஆணை அத்தடையை முழுமையாக ஏற்கவில்லை. முறைகேடான கூட்டங்களைத் தடுப்பதோடு அது நின்றுகொண்டது.

பின்னர் 1530களில் கெய்ரோவில் இதே சர்ச்சை தெருக் கலவரமாக வெடித்தது. அப்போது ஹனஃபி காழி முஹம்மத் இப்னு இல்யாஸ் செய்த காரியம் நம் கவனத்துக்கு உரியது. அவர் தம் இல்லத்தில் காப்பி தயாரிக்கச் செய்தார். ஒரு குழுவினரை அதனை அருந்தச் செய்து, அவர்களோடு நெடுநேரம் உரையாடினார். பேச்சில் குழறல் இல்லை, அறிவில் தடுமாற்றம் இல்லை என்று கண்ட பின்னரே அது கூடும் என்று தீர்ப்பளித்தார். காப்பியின் வரலாற்றை அதே நூற்றாண்டில் நூலாக எழுதிய அப்துல் காதிர் ஜஸீரீ இச்செய்தியைப் பதிவு செய்துள்ளார். மக்காவின் சபை பெயரையும் கோலத்தையும் பிறர் சொல்லையும் கொண்டு முடிவு செய்தது. காழி இப்னு இல்யாஸோ உட்கொண்டவரின் மதியையே நேரில் சோதித்தார்.

இமாம் கராஃபீயின் மூன்று பிரிவுகள்

இச்சோதனைக்கு வேண்டிய அளவுகோலை அதற்கு ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே மாலிக்கி மத்ஹபின் பேரறிஞர் ஷிஹாபுத்தீன் கராஃபீ (ரஹ், மறைவு ஹிஜ்ரி 684) தம் ‘ஃபுரூக்’ நூலில் வகுத்துத் தந்திருந்தார். மதியைத் தொடும் பொருள்களை அவர் மூன்றாகப் பிரிக்கிறார். களிப்பும் கிளர்ச்சியும் ஊட்டி மதியை மறைப்பது முஸ்கிர். புலன்களையும் சேர்த்து உறங்க வைப்பது முர்கித். களிப்பு ஏதுமின்றி மதியைக் குழப்புவது முஃப்ஸித். முதற்பிரிவில் சிறிதளவும் ஹராம்; அது நஜீஸ்; அருந்தினால் ஹத்து உண்டு. மற்ற இரண்டில் ஹத்து இல்லை, அவை நஜீஸும் அல்ல. மதியைப் பாதிக்காத சிறிதளவுக்குத் தடையில்லை.

இப்பிரிவினையை இன்றைய மருந்தியலோடு ஒப்பிட்டால் வியப்பே தோன்றுகிறது. மது மூளையின் அடக்கும் ஆற்றலை மிகுவித்து, நன்மை தீமை தேரும் பகுதியை முதலில் தளர்த்துகிறது. களிப்பு அதனால் வருகிறது. அறுவை சிகிச்சைக்குத் தரும் மயக்க மருந்துகள் உணர்வையே அணைக்கின்றன. முஃப்ஸிதுக்கு எடுத்துக்காட்டாக ஃபுகஹாக்கள் கூறும் ‘பன்ஜ்’ என்னும் செடியிலும், நம் தெருவோரத்து ஊமத்தையிலும் ஒரே குடும்பத்து நச்சுப்பொருள்கள் உள்ளன. அவை அசிடைல்கோலின் என்னும் நரம்புத் தூதுப்பொருளின் வழியை அடைத்து, இல்லாததைக் காணச் செய்து பிதற்ற வைக்கின்றன. மூளையின் உள்ளமைப்பைக் காணும் கருவி ஏதும் இல்லாத காலத்தில், விளைவை மட்டும் கூர்ந்து நோக்கி இமாம் அவர்கள் வகுத்த எல்லைகள் இவை.

இதில் கருத்து வேறுபாடும் உண்டு. கஞ்சாவை இமாம் கராஃபீ முஃப்ஸித் என்றார். ஷாஃபிஈ அறிஞர் பத்ருத்தீன் ஸர்கஷீ (ரஹ்) அதை மறுத்து, அது முஸ்கிரே என்றார். அதனை உட்கொள்வது கூடாது என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர். அப்பொருள் மதியில் என்ன செய்கிறது என்பதே அவர்களுக்கிடையே இருந்த வழக்கு.

கஃபீன் செய்வது என்ன

காப்பியிலிருந்து கஃபீனை முதன்முதல் பிரித்தெடுத்தவர் ஜெர்மானிய வேதியியலார் ரூங்கே, ஆண்டு 1819. அதன் செயல் இதுதான்: நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது நரம்பணுக்களின் மீதுள்ள ஏற்பிகளில் அமரும்போது அயர்வும் உறக்கமும் வருகின்றன. கஃபீன் அடினோசினின் சாயலை உடையது. எனவே அந்த இருக்கையில் தான் அமர்ந்துகொள்கிறது. ஆனால் அடினோசினின் வேலையைச் செய்வதில்லை. உரியவர் இடமின்றி வெளியே நிற்கிறார். அயர்வின் செய்தி மூளைக்கு எட்டுவதில்லை. ஆகவே காப்பி புதிய வலிமை எதையும் தருவதில்லை, களைப்பை மறைத்து மட்டுமே வைக்கிறது. மதி மறைவதில்லை, மாறாக விழித்திருக்கிறது. காழி இப்னு இல்யாஸ் கண்டது இதைத்தான்.

ஆயினும் இது மருந்தல்ல என்று எண்ணிவிடலாகாது. குறைமாதத்தில் பிறந்த சிசுக்கள் சிலவேளை மூச்சுவிட மறந்துவிடுகின்றன. அவர்களுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கஃபீன் சிட்ரேட் என்னும் மருந்து தரப்படுகிறது. முதல் அளவு வழக்கமாக எடையில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம். அதன்பின் நாளுக்கு ஒருமுறை கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம். 20 மில்லிகிராம் சிட்ரேட்டில் கஃபீன் 10 மில்லிகிராம் மட்டுமே இருப்பதால், மருந்துச் சீட்டு எதைக் குறிக்கிறது என்பதைச் செவிலியர் உறுதி செய்துகொள்ள வேண்டும். இல்லையேல் அளவு இரட்டிப்பாகிவிடும். ஒவ்வொரு முறையும் இதயத் துடிப்பை எண்ணிப் பார்த்து, அது வரம்பு மீறி விரைந்தால் மருந்தை நிறுத்திவைத்து மருத்துவருக்கு அறிவிக்கின்றனர். பெரியவர் உடலில் ஏறத்தாழ 5 மணி நேரத்தில் பாதியாகக் குறையும் கஃபீன், முதிராத ஈரலையுடைய சிசுவின் உடலில் பாதியாக ஏறத்தாழ 100 மணி நேரம் ஆகிறது. சுமார் 2000 சிசுக்களிடம் நடத்தப்பட்டு 2006, 2007ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வு, இம்மருந்து பெற்றோரிடையே நுரையீரல் கேடும் மூளைவாதமும் குறைந்ததைக் காட்டியது. மக்காவில் ஒருமுறை தடுக்கப்பட்ட பொருள் இன்று சிசுவின் மூச்சைக் காக்கிறது!

ரமளானும் தலைவலியும்

நோன்பின் முதல் நாள்களில் பிற்பகலில் நம்மில் பலருக்கு வரும் தலைவலிக்குப் பசியைக் காரணம் சொல்கிறோம். நாள்தோறும் காப்பி அருந்துவோரின் மூளை அடினோசின் ஏற்பிகளைப் பெருக்கிக்கொள்கிறது. திடீரென நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி, சோர்வு, எரிச்சல் தொடங்குகின்றன; இரண்டு முதல் ஒன்பது நாள்வரை நீடிப்பதும் உண்டு. ஷஃபான் மாதத்திலேயே நாளுக்குச் சிறிதாகக் குறைத்து வருவது இதற்கு எளிய வழி. நலமுள்ள பெரியவருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம், கருவுற்றவருக்கு 200 மில்லிகிராம் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் கூறிய எல்லை. நம் வீட்டு ஃபில்டர் காப்பியில் சேர்க்கும் சிக்கரியில் கஃபீன் இல்லை.

இதைவிட முக்கியமானது வேறொன்று. மனநோய்க்கு லித்தியம் உட்கொள்வோர் காப்பியைத் திடீரென நிறுத்தினால் இரத்தத்தில் லித்தியத்தின் அளவு உயரக்கூடும். நோன்பின் நீர்க்குறைவும் அதனோடு சேரும். குளோசபின் உட்கொள்வோருக்கோ, காப்பி மிகுந்தால் அம்மருந்தின் அளவு உயரும். எனவே இத்தகையோர் நோன்புக்கு முன் மருத்துவரைக் காண்பது கட்டாயம். அங்கே செவிலியர், ‘நாளைக்கு எத்தனை காப்பி குடிப்பீர்கள்?’ என்று கேட்டால் அதைச் சிறு பேச்சாக எண்ணலாகாது.

நாம் செய்த பிழை

இவ்வளவும் எழுத நம்மைத் தூண்டியது ஒரு பிழை. சில ஆண்டுகளுக்கு முன் வலிப்பு நோயுள்ள ஓர் இளைஞரின் தந்தை நம்மிடம் வந்தார். ‘ஹஜ்ரத், இவன் இரவில் போடும் மாத்திரை போதைபோல உறக்கத்தைத் தருகிறது, சுப்ஹுக்கு எழ முடியவில்லை. நிறுத்திவிடலாமா?’ என்று கேட்டார். அது பினோபார்பிட்டோன். மருத்துவரைக் கேளாமலே, ‘இயன்றவரை குறைத்துக்கொள்வது நல்லது’ என்று சொல்லிவிட்டோம். அவர் அடியோடு நிறுத்திவிட்டார். சில நாள்களில் வலிப்பு விடாமல் தொடர்ந்து, அந்த இளைஞர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்தார். ‘மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார்?’ என்று செவிலியர் வினவியபோது தந்தை நம் பெயரைச் சொல்லாமல் தலைகுனிந்து நின்றார். அருகிலிருந்த நாம்தான் சொன்னோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. இந்த மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்பதையும், இது உடலில் பல நாள் தங்குவதால் நேரத்தையும் அளவையும் மருத்துவர் மாற்றித் தர இயலும் என்பதையும் நமக்குப் பொறுமையாக விளக்கினார். நம் ஃபத்வாவுக்கு முன்பு கேட்டிருக்க வேண்டிய பாடம் அது.

நம் பிழை எது? முஸ்கிரின் சட்டத்தை முர்கித் மீது ஏற்றினோம். அதன் விளைவை அறிந்தவரிடம் கேட்கவும் தவறினோம். அழுகிய உறுப்பை வெட்டும் தேவைக்காக, மதியை நீக்கும் மருந்தை உட்கொள்வது கூடும் என்று ஷாஃபிஈ இமாம்களின் நூல்களில் நாமே பாடம் நடத்தியவர்கள்! புற்றுநோயின் கடும் வலிக்கு மருத்துவர் எழுதித் தரும் மார்ஃபினை ‘அபின்’ என்று அஞ்சி மறுக்கும் குடும்பங்களும் இதே பிழையைத்தான் செய்கின்றன. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தையே 2014இல் திருத்தி, வலி தணிக்கும் தேவைக்கு அரசு வழி எளிதாக்கியுள்ளது. மூச்சின் எண்ணிக்கையைக் கவனித்து அளவோடு செவிலியர் தரும் அம்மருந்து, வலியால் கலிமாவைக்கூட நிறைவாக மொழிய முடியாதவருக்கு அமைதியாக மொழியும் நிலையைத் தரலாம்.

அறியாததை அறிந்தோரிடம் கேட்குமாறு திருமறை பணிக்கிறது. ஹுக்மைச் சொல்வது ஆலிமின் கடமை. பொருள் மதியில் என்ன செய்கிறது என்று சொல்வது மருத்துவரின், செவிலியரின் அறிவு. இரண்டும் சேர்ந்தாலன்றித் தீர்ப்பு முழுமை பெறுவதில்லை. கிண்ணத்தின் பெயரைப் பார்த்து மக்கா சபை சென்ற வழியே ஒருமுறை சென்றோம்; இனி காழி இப்னு இல்யாஸின் வழியில் செல்ல விழைகிறோம். வல்லாஹு அஃலம்.